கல்தச்சர் சமைத்த தொன்மை

வேல்ஸ் நாட்டில் கவிஞர்களையும் இசைவாணர்களையும் போட்டிக்கு அழைத்துப் பரிசளிக்கும் விழாவுக்கு 'ஐஸ்தெத்வோத்' என்று பெயர். இன்றைய தேசிய விழா தன் தொடக்கமாகக் கொள்வது, தெற்கு வேல்ஸை ஆண்ட ரீஸ் அப் கிரிஃபித் என்ற குறுநில மன்னர் 1176ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கார்டிகன் கோட்டையில் கூட்டிய பெருவிழாவையே. வேல்ஸில் மட்டுமின்றி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலும் ஓராண்டுக்கு முன்பே பறைசாற்றப்பட்ட அவ்விழாவில் கவிதைக்கு ஒன்றும் இசைக்கு ஒன்றுமாக இரண்டு நாற்காலிகள் பரிசாக வைக்கப்பட்டன என்று இடைக்கால வேல்ஸ் வரலாற்றேடு கூறுகிறது. வென்ற கவிஞருக்கு நாற்காலி வழங்கும் இன்றைய வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மன்னர்களின் ஆட்சி மறைந்த பின்னரும் நிலக்கிழார்களின் ஆதரவில் கவிஞர்கள் பயிற்சிமுறையும் படிநிலையும் கொண்ட ஒரு தொழிற்குழுவாகவே வாழ்ந்துவந்தனர். ஏறத்தாழ 1451இல் கார்மார்தன் நகரில் கூடிய அவையில் தாவித் அப் எட்மண்ட் என்னும் புலவர் 24 பாவகைகளுக்குரிய இலக்கணத்தை வரையறுத்தார். இப்பாக்களுக்கு உயிராக நிற்பது 'கங்ஹனெத்' எனப்படும் ஓசைக்கட்டு. அடியின் முற்பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வரவேண்டும், அல்லது அடிக்குள்ளேயே இயைபு அமையவேண்டும் என்பது இதன் விதி. தமிழ் யாப்பின் மோனையையும் எதுகையையும் விடக் கடுமையானது இது. 16ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இங்கிலாந்துடன் சட்டப்படி இணைக்கப்பட்டு, ஆங்கிலம் நீதிமன்ற மொழியாகி, நிலக்கிழார்களும் மெல்ல மெல்ல ஆங்கில வாழ்க்கைக்குத் திரும்பவே, புரவலரை இழந்த கவிஞர் குழு 17ஆம் நூற்றாண்டில் கலைந்துபோனது. 18ஆம் நூற்றாண்டில் எஞ்சியவை மதுச்சாலைகளில் சிலர் கூடி நடத்திய சிறு போட்டிகளும், படிப்போர் குறைந்த கையெழுத்துச் சுவடிகளுமே.

இந்த வெற்றிடத்தில் வந்து நின்றவர்தான் யோலோ மோர்கனூக் என்ற புனைபெயரால் அறியப்படும் எட்வர்ட் வில்லியம்ஸ். 1747இல் கிளாமோர்கன் வட்டாரத்தின் லான்கார்வன் பகுதியில் பிறந்து, பிளெமிங்ஸ்டன் சிற்றூரில் வளர்ந்த இவர், தந்தையைப் போலவே கல்தச்சுத் தொழில் செய்தவர்; பள்ளிக்குச் செல்லாமல் தாயிடம் எழுத்தறிந்து, ஊர்ப்புறத்து அறிஞர்களிடம் யாப்பும் சுவடிப் படிப்பும் கற்றவர். ஆஸ்துமாவுக்காக உட்கொள்ளத் தொடங்கிய அபினி கலந்த மருந்தை வாழ்நாள் முழுவதும் விடாதவர். கடன் தீர்க்க இயலாமல் 1786இல் கார்டிஃப் சிறையில் அடைக்கப்பட்டவர். அவருடைய சகோதரர்கள் ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பால் செல்வம் ஈட்டிக்கொண்டிருந்தபோது, அவரோ கௌபிரிட்ஜ் நகரில் கடை திறந்து, அடிமைகள் விளைவித்த சர்க்கரையை ஒதுக்கிக் கிழக்கிந்தியச் சர்க்கரையை மட்டும் விற்றார். விடுதலையின் கவிஞர் என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர், 1794இல் வெளியிட்ட ஆங்கிலக் கவிதைத் தொகுதியை இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்குக் காணிக்கையாக்கினார். முன்பணம் செலுத்தி ஆதரித்தோர் பட்டியலில் ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரும் இடம்பெற்றது. முரண்பாடுகள் அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை.

அக்காலத்தில் வேல்ஸ் மொழிப் பற்றின் தலைநகரம் லண்டன்தான் என்று சொன்னால் மிகையாகாது. தோல் வணிகராகப் பொருளீட்டிய ஓவன் ஜோன்ஸ் முதலியோர் 1770இல் அங்கே நிறுவிய 'க்வினெதிகியன்' சங்கம் பழஞ்சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்கப் பணம் கொடுத்தது. யாழ்க் கலைஞர் எட்வர்ட் ஜோன்ஸ் பழைய யாழ் மெட்டுகளைத் திரட்டி 1784இல் நூலாக வெளியிட்டதும் இதே சூழலில்தான். யோலோவும் கிளாமோர்கன் உழவர்களிடையே வழங்கிய நாட்டுப் பாடல்களை எழுதிவைத்த முன்னோடிகளில் ஒருவர். இந்தப் பணி போதிய அளவு பேசப்படாமல் அவருடைய ஏனைய செயல்களின் நிழலில் மறைந்துபோனது.

ஏனைய செயல்களில் முதன்மையானது இலக்கிய மோசடி. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, காதலையும் காட்டையும் பறவையையும் பாடிய தாவித் அப் க்விலிம், வேல்ஸ் மொழியின் தலைசிறந்த கவிஞராகப் போற்றப்படுபவர். அவருடைய பாடல்களை ஓவன் ஜோன்ஸும் வில்லியம் ஓவனும் 1789இல் முதன்முறையாகப் பதிப்பித்தபோது, கிளாமோர்கனில் கிடைத்த சுவடிகளிலிருந்து எடுத்தவை என்று சொல்லி யோலோ சில பாடல்களை அனுப்பினார். பதிப்பாசிரியர்கள் அவற்றைப் பிற்சேர்க்கையாக அச்சிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை யோலோவே இயற்றியவை. மொழிநடை, யாப்பு, பழஞ்சொல் ஆகிய மூன்றையும் அவர் அத்தனை நுட்பமாகக் கையாண்டிருந்ததால், ஐயம் கொண்ட அறிஞர்கள் சிலர் இருந்தும் நூறாண்டுக்கு மேலாக மோசடி முழுமையாக வெளிப்படவில்லை. பின்னர் 1801 முதல் 1807 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த பழைய இலக்கியத் திரட்டிலும் உண்மைச் சுவடிகளோடு அவருடைய கைச்சரக்கும் கலந்தது.

இதற்குக் காரணம் பணமோ தனிப்பட்ட புகழோ அன்று. தம் பெயரில் வரவேண்டிய புகழை அவர் வேறொருவர் தலையில் அல்லவா சூட்டினார்! வட வேல்ஸ்காரர்கள் மரபின் உரிமையாளர்களாகத் தம்மைக் கருதி நடந்துகொண்டது அவருக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த துருயிதுகள், அதாவது கெல்டிய இனத்தின் சமய குருமார்கள், காத்துவந்த ஞானம் அறுபடாமல் தம் கிளாமோர்கன் கவிஞர்களிடமே வந்து சேர்ந்தது என்று நிறுவ விரும்பினார். சான்று இல்லாத இடங்களில் சான்றை உண்டாக்கினார். மரச்சட்டங்களில் செதுக்குவதற்குரிய கவிஞர்களின் தொல்லெழுத்து என்று ஓர் அகரவரிசையையே அவர் படைத்தார். அது உண்மையானது என்று வாதிட்டு அவருடைய மகன் தாலியேசின் எழுதிய கட்டுரை 1838இல் அபெர்கவென்னி விழாவில் பரிசும் பெற்றது.

யோலோ படைத்தவற்றுள் நிலைத்து நின்றது 'கோர்செத்' என்னும் கவிஞர் பேரவை. 1792ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக அடுக்கி அதன் முதற்கூட்டத்தை நடத்தினார். வாளை உறையிலிடுதல், அமைதி நிலவுகிறதா என்று கூட்டத்தை வினவுதல், கவிஞர்க்கு நீலமும் குருமார்க்கு வெள்ளையும் கற்போர்க்குப் பச்சையும் என நிறம் பகுத்தல் ஆகிய சடங்குகள் யாவும் அவர் வகுத்தவை. 1819 ஜூலையில் கார்மார்தனில் ஐஸ்தெத்வோத் கூடியபோது, 72 வயதான யோலோ விடுதித் தோட்டம் ஒன்றில் இச்சடங்கை நடத்தி, செயின்ட் டேவிட்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர் தாமஸ் பர்ஜஸின் கையில் வெள்ளை நாடாவைக் கட்டினார். துருயித மரபைப் பரப்பியவரும், மூவொரு கடவுள் கோட்பாட்டை ஏற்காத யூனிட்டேரியன் பிரிவினருமான ஒருவரின் கையால் ஆங்கிலிக்கத் திருச்சபையின் ஆயர் சிறப்புப் பெற்ற இக்காட்சி, இரு தரப்புச் சமயவாதிகளுக்கும் சங்கடமானதாகவே இருந்திருக்கும். கோர்செத் அன்று முதல் ஐஸ்தெத்வோத்தை விட்டுப் பிரியவில்லை. 1826இல் யோலோ பிளெமிங்ஸ்டனில் இறந்தார்.

அவர் விதைத்ததன் தீய விளைவை 1858இல் லாங்கொலன் நகரில் நடந்த விழா காட்டியது. கொலம்பஸுக்கு மூன்று நூற்றாண்டு முன்பே மேடாக் என்ற வேல்ஸ் இளவரசன் அமெரிக்காவை அடைந்தான் என்ற கதையை வளர்த்தவர்களுள் யோலோவும் ஒருவர். இதைப் பற்றிய கட்டுரைப் போட்டியில், மெர்தர் டிட்ஃபில் நகரின் மருந்துக் கடைக்காரரும் அறிஞருமான தாமஸ் ஸ்டீபன்ஸ், கதை வெறும் கட்டுக்கதையே என்று சான்றுகளோடு மறுத்து எழுதினார். மேடாக் அமெரிக்காவைக் கண்டதைப் பற்றியே எழுதச் சொன்னோம், காணாததைப் பற்றி அன்று என்று கூறி விழாக் குழுவினர் பரிசளிக்க மறுத்துவிட்டனர். வரலாற்று ஆராய்ச்சிக்கு இதைவிடக் கேவலமான தீர்ப்பு வேறெங்கும் வழங்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

எனினும், பொய்யான பிறப்பைக் கொண்ட கோர்செத் சடங்குக்கு மெய்யான பொருள் ஏற்பட்ட நாளும் உண்டு. 1917 செப்டம்பரில் பிர்க்கன்ஹெட் நகரில் கூடிய ஐஸ்தெத்வோத்தில், பிரதமர் லாயிட் ஜார்ஜ் முன்னிலையில், வென்ற கவிஞரின் புனைபெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது, எவரும் எழவில்லை. அக்கவிஞர், ஹெத் வின் என்று அறியப்பட்ட டிராஸ்வனித் ஊர் உழவர் எல்லிஸ் எவன்ஸ், ஜூலை 31ஆம் நாள் பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். பெல்ஜிய அகதி ஒருவர் செதுக்கிய நாற்காலி கருந்துணியால் போர்த்தப்பட்டது.

கோர்செத்தின் தொன்மையை வேல்ஸ் மொழி அறிஞர் ஜான் மாரிஸ் ஜோன்ஸ் 1896இல் வெளிப்படையாக மறுத்தார். யோலோவின் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்த கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ், 1926இல் வெளியிட்ட நூலில், 1789ஆம் ஆண்டுப் பதிப்பின் பிற்சேர்க்கைப் பாடல்கள் எவ்வாறு உருவாயின என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டினார். யோலோவை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்காமல் அவர் காலத்தின் சிறந்த கவிஞர்களுள் ஒருவராக மதித்ததும் அவரே. தாமஸ் பாரி 1952இல் வெளியிட்ட தாவித் அப் க்விலிம் செம்பதிப்பு, அக்கவிஞர் பெயரில் வழங்கிய பாடல்களுள் ஏறத்தாழ 150ஐ மட்டுமே ஏற்றுக்கொண்டது. நீக்கப்பட்ட யோலோவின் பாடல்கள் இப்போது யோலோவின் பெயரிலேயே படிக்கப்படுகின்றன.