தோளுக்கு மேல் உயர்ந்த மட்டை

மட்டாஞ்சேரி ஜூ டவுனின் பழம்பொருள் கடையொன்றில் அண்மையில் மரத்தண்டு கொண்ட பழைய கோல்ஃப் மட்டை ஒன்றைக் கண்டேன். "யாரோ ஒரு துரை வைத்திருந்ததாக இருக்கும்" என்றார் கடைக்காரர். அதை மறுக்க என்னிடம் சான்றில்லை. ஆனால், மட்டையைக் கண்டதும் துரையை மட்டுமே நினைக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1890இல் இங்கிலாந்தில் வெளிவந்த கோல்ஃப் நூலொன்றில், பெண்கள் பந்தை 70, 80 கஜத்துக்கு மேல் அடிக்க வேண்டியதில்லை என்று வெல்வுட் பிரபு எழுதினார். அதற்கு மேல் அடிக்க வேண்டுமாயின் மட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்த நேரும். பெண்களின் உடைக்கு அது பொருந்தாது என்பது அவர் காட்டிய காரணம்.

மூன்றே ஆண்டுகளில் அக்கூற்றுக்கு ஆடுகளத்திலேயே மறுமொழி கிடைத்தது. 1893இல் மகளிர் கோல்ஃப் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு லிதம் செயின்ட் ஆன்ஸில் முதல் பிரித்தானிய மகளிர் அமெச்சூர் போட்டி நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் 5 குழிகள் எஞ்சியிருக்கையிலேயே 7 குழிகள் முன்னிலை பெற்று வென்றவர், 1874இல் பிறந்த லேடி மார்கரெட் ஸ்காட். மட்டையைத் தோளுக்கு மேலாக முதுகுப்புறம் வரை சுழற்றி அடிப்பதே அவரது பாணி. 1894இல் லிட்டில்ஸ்டோனிலும் 1895இல் அயர்லாந்தின் போர்ட்ரஷிலும் அவரே வென்றார். அத்துடன் அப்போட்டியிலிருந்து விலகினார். 1897இல் மணம் புரிந்து, லேடி மார்கரெட் ஹாமில்டன்-ரஸ்ஸல் ஆனார், 1938இல் மறைந்தார்.

இதைத் தனிமனிதத் திறமையின் கதையாக மட்டும் படிப்பது போதாது. அவர் எல்டன் பிரபுவின் மகள். ஸ்டோவெல் பார்க்கில் குடும்பத்துக்கென்றே ஆடுகளம் இருந்தது. உடன் ஆடச் சகோதரர்கள் இருந்தனர். அவர்களுள் மைக்கேல், 1933இல் தம் 54ஆம் வயதில் ஆடவர் அமெச்சூர் பட்டத்தையே வென்றார். தமக்கை அவருக்கு நாற்பது ஆண்டுகள் முந்திக்கொண்டார் என்பதும் நினைவுகொள்ளத் தக்கது. எனினும், பொதுக் கழகங்கள் பெண்களுக்குக் குறுகிய களங்களையே ஒதுக்கிய காலத்தில், முழுவீச்சில் பழகும் வாய்ப்பை அவருக்கு வழங்கியது குடும்பச் செல்வம்தான்.

முதலிரு இறுதி ஆட்டங்களிலும் அவரிடம் தோற்றவர் இசெட் பியர்சன். சங்கத்தின் முதல் கௌரவச் செயலாளரான அவர், வெவ்வேறு கழகத்துப் பெண்களும் ஒரே அளவுகோலில் மோதுவதற்கான ஹேண்டிகேப் முறையை வகுத்தவர். பிரபுவின் மகளல்லாதாருக்கும் வழி திறந்தது இப்பணியே. பட்டியல்களில் வென்றவர் பெயர் நிலைக்கிறது. தோற்றவரின் உழைப்போ நிறுவனமாகி நிலைத்தது.

இந்தியாவுக்குக் கோல்ஃப் வந்தது மிக முன்பே. கல்கத்தாக் கழகம் 1829இல் தொடங்கப்பட்டது. சீதா ராவ்லி அர்ஜுனா விருது பெற்றதோ 1977இல். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே இந்நாட்டில் மட்டை பிடித்த பெண்கள் யாவர்? கழகங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்ட வாய்ப்புள்ள மாணவர்கள், வெற்றியாளர் பட்டியலோடு நின்றுவிடாமல் செயலாளர் குறிப்புகளையும் படிக்க வேண்டுகிறேன். கணவர் பெயருக்குப் பின்னே "திருமதி" என்று மறைந்திருப்பவர்களையும் அங்கேதான் தேட வேண்டும்.