ஹசலக காமினி: ஆனையிறவில் நிற்கும் புல்டோசரின் கதை

ஏ9 வீதியால் ஆனையிறவைக் கடப்பவர்கள் அந்தச் சிதைந்த கவச வாகனத்தைப் பார்க்காமல் போவதில்லை. தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் அங்கே நிற்கும், ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். நாங்கள் போகிற பஸ் நிற்பதில்லை. அங்கே நினைவுகூரப்படுபவர் யாரென்று எங்களில் பலர் கேட்பதுமில்லை.

அவர் காமினி குலரத்ன. 1966இல் பிறந்தவர். மலையடிவாரத்தில் உள்ள ஹசலக என்ற ஊரைச் சேர்ந்தவர் என்பதால் 'ஹசலக காமினி' என்றே அறியப்படுகிறார். 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைக் காத்து நின்ற, சிங்க ரெஜிமென்டின் 6ஆவது படையணியில் இருந்தார்.

குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் இருந்தது அந்த முகாம். அதை வைத்திருப்பவர் கையில்தான் பாதை. ஜூலை 10ஆம் திகதி புலிகள் அதன்மீது தாக்குதலைத் தொடங்கினார்கள். 'ஆகாய கடல் வெளிச் சமர்' என்று அவர்கள் பெயரிட்ட சண்டை அது. சுற்றிவர உப்பளமும் வெட்டவெளியும், பதுங்க ஒரு பற்றைகூட இல்லாத தரை. அதனால்தான் புல்டோசருக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வாகனமாக்கி முன்னே விட்டார்கள். துப்பாக்கிச் சூடு அதை நிறுத்தவில்லை.

இராணுவத் தரப்புப் பதிவுகளின்படி, அந்த வாகனம் காவலரணை நெருங்கியபோது காமினி கைக்குண்டுகளோடு வெளியே ஓடினார். வாகனத்தின் ஏணியில் ஏறிக் குண்டுகளை உள்ளே போட்டார். வாகனம் நின்றது. அவரும் அங்கேயே இறந்தார். வயது 24.

வெற்றிலைக்கேணியில் தரையிறங்கிய படையினர் ஆகஸ்ட் முற்பகுதியில் முகாமை வந்தடைய, முற்றுகை முடிந்தது. புலிகள் தரப்பில் மட்டும் 500இற்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். முகாம் 2000 ஏப்ரல் 22 வரை விழவில்லை.

அந்த ஒன்பது வருடங்களுக்குள்தான் எங்கள் சனத்தின் கிளாலிப் பயணமும் வருகிறது. ஆனையிறவும் பூநகரியும் பூட்டப்பட்டிருக்க, குடாநாட்டுச் சனம் இரவில் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடந்தது. கடற்படையின் தாக்குதலில் வழியிலேயே செத்தவர்கள் பலர். முகாம் விழாமல் நின்றதைத் தெற்கில் வெற்றியாகச் சொல்வார்கள், எங்களுக்கு அது கிளாலி.

இறந்தபின் காமினிக்கு நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷண வழங்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதலாவது ஆள் அவர்தான். தன்னுயிரை எண்ணாமல், தானாக முன்வந்து எதிரியின் முன் செய்யும் செயலுக்கான விருது அது. அவர் செய்தது அதுதான். அதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அந்த இரும்புக்குள் இருந்தவர்களும் திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்து ஏறியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

பெரியம்மாவின் மூத்த மகன் அதே சமரில் போனவர். உடல் வரவில்லை. கனகபுரம் துயிலும் இல்லத்தில் ஒரு நடுகல் இருந்தது. 2009இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனபின், அந்தத் துயிலும் இல்லத்தைப் புல்டோசர் விட்டு இடித்தார்கள். ஆனையிறவில் இருந்த புல்டோசரை நினைவுச்சின்னமாக்கினார்கள்.

2016 கார்த்திகையில்தான் சனம் பயமில்லாமல் அந்தக் காணிக்குள் மறுபடி போகத் தொடங்கியது. உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்தார்கள். எந்தத் துண்டு யாருடையது என்று சொல்ல வழியில்லை. பெரியம்மா ஒவ்வொரு வருடமும் ஒரு குத்துமதிப்பான இடத்தில் விளக்கு வைக்கிறா. போன வருடம் வைத்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, இந்த முறை ஒரு வேம்புக்குப் பக்கத்தில் வைத்தா. அதுதான் சரியான இடமாம்.