பெயர் கேட்கவில்லை

ரயில் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுகிறோம். ஆனால் ஒரு தாமதத்துக்குச் சங்கீத உலகமே கடமைப்பட்டிருக்கிறது.

1903 வாக்கில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்து டட்வைலர் ஸ்டேஷனில், கறுப்பினத்தவரான பாண்டு கோஷ்டித் தலைவர் டபிள்யூ. சி. ஹாண்டி காத்திருந்தார். வண்டி ஒன்பது மணி நேரம் தாமதம். கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது, பக்கத்தில் கந்தலுடுத்த ஒருவர் கித்தார்த் தந்தியில் கத்தியை அழுத்தி வாசித்தபடி, ஒரே அடியை மூன்று முறை பாடினார். ஹாண்டி அதுவரை கேளாத விசித்திர கானம்!

‘ப்ளூஸ்’ என்னும் அந்தச் சோக இசையை ஹாண்டி பின்னர் எழுதி அச்சிட்டார். 1914-இல் வந்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ உலகப் புகழ் தந்தது. 1941-இல் வெளிவந்த சுயசரிதைக்கு ‘ப்ளூஸின் தந்தை’ என்றே பெயர். பாட்டின் பொருளைக் கேட்டதாக அதில் எழுதியிருக்கிறார். பாடியவர் பெயர் மட்டும் இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ரயிலில் பாடியவர்களுக்கு நானும் காசு கொடுத்ததுண்டு, பெயர் கேட்டதில்லை.