தலைக்கு மேல் ஒரு நகரம்

கடையநல்லூர்ப் பக்கத்துத் திருமண மண்டபங்களில் கண்ணாடிச் சரவிளக்குகளைக் காணும் நம் மக்கள், ஆலயத்திற்கும் அப்படியொன்று வேண்டுமெனக் கேட்கின்றனர். அழகை விரும்புவது தவறன்று. ஆயினும் ஆலயத்துச் சரவிளக்கு முன்பு வேறொன்றைச் சொல்லிற்று.

6ஆம் நூற்றாண்டில் ஹாகியா சோபியாப் பேராலயத்தில், துளையிட்ட வெள்ளித் தட்டுகளில் கண்ணாடி எண்ணெய்க் கிண்ணங்களைப் பொருத்திச் சங்கிலியில் தொங்கவிட்டனர். 11ஆம் நூற்றாண்டில் செருமனியின் ஹில்டெஸ்ஹைம் ஆயர் ஹெசிலோ தம் பேராலயத்திற்கு அளித்ததோ ஏறத்தாழ ஆறு மீட்டர் அகன்ற வளையம்! மதில்போன்ற அதன் விளிம்பில் பன்னிரு வாயில்கள், பன்னிரு கோபுரங்கள், 72 மெழுகுதிரிகள். திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரம் காட்டும் புதிய எருசலேமே அது. அந்நகருக்கு விளக்கே தேவையில்லை என்கிறது மறைநூல். அதனையே விளக்காக வடித்தனர் அம்மக்கள். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா ஆகன் நகருக்கு அளித்த 48 திரி விளக்கும் இவ்வகையினதே. கொடுத்தவர் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது, நம் ஆலயத்துக் குழல்விளக்குகளில் உள்ளதுபோல!

1670களில் இங்கிலாந்தில் ரேவன்ஸ்கிராப்ட் ஈயக் கண்ணாடியைச் செம்மைப்படுத்தினார். பின்னர்ப் பட்டை தீட்டிய கண்ணாடி ஒளியைச் சிதறடித்தது. பார்வையும் விளக்கிலேயே நின்றுவிட்டது.

நன்கொடையாளரைத் திருப்பியனுப்ப எனக்கு மனமில்லை. பன்னிரு வாயில்களுடன் ஓர் இரும்பு வளையம் செய்ய என்ன செலவாகுமெனத் தென்காசியில் கேட்டிருக்கிறேன்.