மூதூரில் பதினேழு பேர்

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 19 அன்னைக்கு 'உலக மனிதாபிமான தினம்'னு ஒண்ணு வரும். நிவாரணப் பணியில இருக்கும்போது கொல்லப்பட்டவங்களை நினைவுகூர்கிற நாள். இந்தத் தேதி பாக்தாத்தில் இருந்து வந்தது. 2003 ஆகஸ்ட் 19 அன்று, அங்கே கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. தலைமையகத்தின் மேல் லாரி குண்டுத் தாக்குதல் நடந்தது. 22 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோ.

அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் நடந்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 26 அன்று, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1502-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. நிவாரணப் பணியாளர்களைத் தெரிஞ்சே குறிவைத்துத் தாக்குறது போர்க்குற்றம், அப்படிச் செஞ்சவங்க தண்டனையில்லாமல் தப்பிவிடாதபடி நாடுகள் பார்த்துக்கணும் என்பது அதன் சாரம். இரண்டாவது, 2008 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அந்தத் தேதியை நினைவு நாளாக அறிவித்தது.

அஞ்சலிக்கு ஒரு நாள், தண்டனைக்கு ஒரு தீர்மானம். இதில் எது நடந்தது, எது நடக்கலைன்னு பார்க்க, இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக்குப் போகலாம்.

திருகோணமலை நகரத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிற ஊர் மூதூர். முஸ்லிம்கள் அதிகம், தமிழர்களும் உண்டு. 2004 சுனாமி அந்தக் கரையையும் அடிச்சது. அதுக்கப்புறம் பசிக்கு எதிராக வேலை செய்கிற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எஃப், அங்கே குடிநீர், சுகாதாரம் மாதிரியான வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. நிறுவனம்தான் பிரெஞ்சு. இந்தக் கதையில் வருகிற 17 பேரும் இலங்கையர்கள். 16 தமிழர்கள், ஒரு முஸ்லிம். நாலு பேர் பெண்கள்.

2006-இல் காகிதத்தில் போர்நிறுத்தம் இருந்தது, களத்தில் இல்லை. ஜூலையில் மாவிலாறு மதகைப் புலிகள் மூடினார்கள். அதைத் திறக்க ராணுவம் இறங்கியது. ஆகஸ்ட் முதல் தேதி இந்தக் குழு வேலைக்காக மூதூர் போனது. அடுத்த நாளே புலிகள் ஊருக்குள்ள வந்துட்டாங்க. ரெண்டு பக்கமும் ஷெல் அடி. திருகோணமலைக்குத் திரும்பப் படகு இல்லை. ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடக்க ஆரம்பிச்சாங்க.

இவங்களுக்குத் திருகோணமலை அலுவலகத்தில் இருந்து வந்த உத்தரவு: அலுவலகத்தை விட்டு வெளியே வராதீங்க. அதுக்குக் காரணம் இருந்தது. நிவாரணப் பணியாளர் கையில ஆயுதம் கிடையாது. கட்டடத்தின் மேல் இருக்கிற சின்னமும், உடம்புல இருக்கிற டி-ஷர்ட்டும்தான் அவங்களுக்குப் பாதுகாப்பு. 'நாங்க எந்தப் பக்கமும் இல்லை'ன்னு அது சொல்லும், ரெண்டு பக்கமும் அதை மதிக்கும்ங்கிற நம்பிக்கை. அவங்களை மீட்க நடந்த முயற்சிகள் பலிக்கலை. ஆகஸ்ட் 4 காலைக்குப் பிறகு ரேடியோவில் பதில் இல்லை.

ஆகஸ்ட் 6 அன்று வேறொரு தொண்டு அமைப்பின் குழு அங்கே போய்ச் சேர்ந்தபோது, அலுவலக வளாகத்தின் புல்தரையில் 15 உடல்கள் கிடந்தன. பெரும்பாலும் குப்புறக் கிடந்தன. மிகக் கிட்டத்தில் இருந்து சுட்டிருந்தார்கள். உடம்பில் நிறுவனத்தின் டி-ஷர்ட். மற்ற இரண்டு உடல்கள் பிறகு கிடைத்தன.

சுட்டது யார்? அதே ஆகஸ்ட் கடைசியில், நார்டிக் நாட்டவர்களைக் கொண்ட போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, அரசுப் படைகள்தான் பொறுப்பு என்ற முடிவுக்கு வந்தது. அரசு மறுத்தது. மூதூர் நீதிவானிடம் இருந்த வழக்கு செப்டம்பரில் அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, அப்புறம் கந்தளாய்க்குப் போனது. நவம்பரில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. விசாரணை ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பகவதி தலைமையில் வெளிநாட்டு வல்லுநர் குழு ஒன்றையும் அரசே அழைத்தது. இந்த விசாரணை சர்வதேசத் தரத்துக்கு இல்லைன்னு சொல்லி, 2008-இல் அந்தக் குழு விலகியது. ஏ.சி.எஃப்பும் அதே வருஷம் இலங்கையை விட்டு வெளியேறியது.

2009 ஜூலையில் ஆணைக்குழுவின் முடிவு பத்திரிகைகளில் வெளிவந்தது. ராணுவம் செய்யலை, புலிகளோ முஸ்லிம் ஊர்காவல் படையினரோ செய்திருக்கலாம்னு சொன்னது. 2013 டிசம்பரில் ஏ.சி.எஃப் தன்னுடைய அறிக்கையை வெளியிட்டு, பாதுகாப்புப் படையினர்தான் கொன்றார்கள் என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. இதுவரை ஒருத்தருக்கும் தண்டனை கிடைக்கலை.

ஏ.சி.எஃப் மேலயும் கேள்விகள் இருந்தன. அந்த நேரத்தில் ஏன் மூதூருக்கு அனுப்பினாங்க, ஏன் அங்கேயே இருக்கச் சொன்னாங்கன்னு குடும்பங்கள் கேட்டது நியாயம். ஆனா அந்தக் கேள்வியை வைத்து, துப்பாக்கி பிடிச்சவன் யாருங்கிற கேள்வியை மறைக்க முடியாது.

இப்போ 1502-ஆம் தீர்மானத்தை நினைச்சுப் பாருங்க. மூதூர் நடந்தப்போ அதுக்கு மூணு வயசு. 'தண்டனையில்லாமல் தப்பிவிடக் கூடாது'ன்னு எழுதியாச்சு. நினைவு நாள் அதுக்கப்புறம்தான் வந்தது. வருஷா வருஷம் தவறாம நடக்கிறது நினைவு நாள்தான். மலர்வளையம் வைக்கிறது சுலபம். விசாரணைன்னா ஒரு அரசாங்கம் தன் ஆட்களையே கூண்டில் ஏத்த வேண்டி வரும்.

இன்னொண்ணும் கவனிக்கணும். ஐ.நா. அமைதிப்படையில் இறப்பவர்களுக்கு, 1961-இல் விமான விபத்தில் இறந்த பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷால்டின் பெயரில் பதக்கம் தர்றாங்க. மூதூர்ல குழாய் போடப் போன உள்ளூர்க்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். உலகம் முழுக்க இந்த வேலையில் அதிகம் சாகிறது உள்ளூர்ப் பணியாளர்கள்தான். வெளிநாட்டு அதிகாரி ஆபத்து வந்தா விமானம் ஏறலாம். இவங்களுக்கு அதுதான் சொந்த ஊர்.

17 பேரின் பெயர்களை நான் இங்கே வாசிக்கலை. மறந்து விடலை. அவங்க குடும்பங்களுக்கும் சாட்சிகளுக்கும் மிரட்டல்கள் வந்தன, சிலர் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. அவங்களைப் பத்தி எப்போ, எப்படிப் பேசணும்னு முடிவு பண்றது அந்தக் குடும்பங்களோட உரிமை.

'இவ்வளவு வருஷம் ஆச்சு, போரும் முடிஞ்சாச்சு, இனி எதுக்கு'ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. காரணம் நடைமுறை சார்ந்ததுதான். இன்னைக்கும் ஏதோ ஒரு போர்க்களத்தில் ஒரு தண்ணி லாரி ஓட்டுநர், தன் சட்டையில் இருக்கிற சின்னத்தை நம்பித்தான் வண்டியை எடுக்கிறார். அந்தச் சின்னத்தைப் பார்த்தும் சுட்டவன் தப்பிச்ச ஒவ்வொரு தடவையும் அவரோட சட்டை இன்னும் கொஞ்சம் மெலிசாகுது.

ஆகஸ்ட் 19 அன்னைக்கு யாராவது இந்த நாளைப் பத்திப் பதிவு போட்டா, நீங்க ஆகஸ்ட் 4-ஐயும் சொல்லுங்க. அந்த வழக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க.

அடுத்த எபிசோடில் பேசுவோம்.