கோப்பியின் பின்னே போன காகம்

காகத்தைப் பாடியதாலேயே பெயர் பெற்ற புலவர் ஒருவர் நம் சங்கத் தொகையில் உண்டு. அவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். விருந்து வருமென்று கரைந்த காகத்துக்கு எவ்வளவு நெய்ச்சோறு இட்டாலும் தகும் என்று தோழி சொல்வதாக அவரது குறுந்தொகைப் பாட்டு அமைகிறது. அந்த மரபில் வந்த நாம் புரட்டாசிச் சனியன்று முதற்பிடிச் சோற்றைக் காகத்துக்கு வைக்கிறோம். மறுநாள் போஞ்சிப் பாத்தியில் அதைக் கண்டால் கல்லெடுக்கிறோம். அழைப்பதும் விரட்டுவதுமான இந்த இரட்டை மனத்துக்கு நம் ஊவாவில் தொடங்கும் ஒரு வரலாறும் உண்டு, நேயர்களே.

1869 இல் பதுளைக்கு அருகே மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. அந்தத் துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பியையே அழித்தது. துரைமாரிற் பலர் சின்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறினர். சிலர் மலாயாவுக்குப் போய் அங்கே கோப்பி நட்டனர். சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் கோப்பிச் செடிகளை மயிர்க்கொட்டிகள் மொய்த்தபோது, அவற்றைத் தின்னவென்று 1890களில் இலங்கையிலிருந்து காகங்கள் கொண்டுபோகப்பட்டன. சாம்பல் நிறக் கழுத்துடைய நமது ஊர்க்காகந்தான் அது. நம் முன்னோரைக் கப்பலேற்றிய தோட்டத்துறை காகத்தையும் கப்பலேற்றிவிட்டது!

கிள்ளானிலும் கோப்பி நிலைக்கவில்லை, ரப்பர் வந்தது. காகம் போகவில்லை. துறைமுகக் குப்பையும் சந்தைக் கழிவும் இருக்க, மயிர்க்கொட்டியைத் தேடி அது ஏன் அலைய வேண்டும்? பிற்காலத்தில் உள்ளூராட்சி சபைகள் துப்பாக்கிக்காரரை அமர்த்திக் காகங்களைச் சுடுவித்தன. சன்சிபாரிலும் இதே கதைதான். 1890களில் குப்பையைத் துப்புரவாக்கவென்று அங்கே விடப்பட்ட ஊர்க்காகம் கிழக்காபிரிக்கக் கரையெங்கும் பரவிற்று. 2024 இல் கென்யா அரசு பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. வேலைக்கு அழைத்தவர்களே கொலைக்கும் ஆள் அனுப்பினார்கள்.

காகத்தை வெல்வது எளிதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரும் குழுவினரும் 2006 இல் முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டதும் காகங்கள் சூழ்ந்து கரைந்தன. பிடிபடாத காகங்களும் அந்தப் பகையைக் கற்றிருந்தன. இத்தகைய பறவைக்கு அசையாத வெருளி எத்தனை நாளைக்குப் பயங்காட்டும்? இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அதை இடம் மாற்றவேண்டும்; சட்டையையும் மாற்றினால் நல்லது. சோளம் முளைத்துக் கன்று வேர்பிடிக்கும் வரை வலையோ முட்செத்தையோ போட்டு மூடுவது அதைவிடப் பயன்தரும். அதற்குப்பின் காகம் பாத்தியில் இறங்கினால் பெரும்பாலும் புழுவைத்தான் பொறுக்கும். கோழிக்குஞ்சுக்கு மட்டும் எந்நாளும் காவல் வேண்டும்.

ஆனால் காகத்தை நம் கொல்லைக்கு அழைப்பது சோளமன்று, லயத்துக் கோடியில் கொட்டிக் கிடக்கும் எச்சிலும் கழிவுமே. தோட்டத்து மக்கள் துப்புரவற்றவர்கள் என்று பட்டினத்தில் சிலர் இலேசாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைப் பார்த்ததில்லைப் போலும். வாக்களித்துச் சபையைத் தெரிவுசெய்த தோட்டத்து மக்களின் குடியிருப்புகளுக்கு அச்சபை பணம் செலவிட அச்சட்டம் இடந்தரவில்லை. அது திருத்தப்பட்டது 2018 இல். முப்பத்தோராண்டுகள், நேயர்களே! அத்தனை காலமும் லயங்களில் குப்பை அள்ளும் வேலையைச் சம்பளமின்றிச் செய்துவந்தது காகம் ஒன்றுதான்.

சட்டம் திருந்திய பின்னும் குப்பை வண்டி எல்லா லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிடவில்லை. அது வரும்வரை, பீலிக்கரைக்கு எட்டத்தில் ஒரு குழி வெட்டி, சோற்றுக் கழிவைக் கொட்டியதும் ஒரு கூடை மண்ணிட்டு மூடுங்கள். வெருளியை அதன் பிறகு நடலாம்.