சமநிலையில் முடிந்த மல்யுத்தங்கள்

1912 ஜூலையில், ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் அரங்கின் திறந்த வெளியில், கொளுத்தும் வெயிலின் கீழ் இருவர் 11 மணித்தியாலம் 40 நிமிடம் மல்லுக்கட்டினர். ஒருவர், ரஷ்யப் பேரரசின் அணியில் போட்டியிட்ட எஸ்தோனியரான மார்ட்டின் கிளைன். மற்றவர் பின்லாந்தின் அல்பிரட் அசிகைனன். அவரது நாடும் அன்று அதே பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்ததே. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறிய இடைவேளை, பின்னர் மீண்டும் பிடி. ஈற்றில் கிளைன் வென்றார். ஆனால், இறுதிப் போட்டியில் இறங்குவதற்கு அவருடைய உடலில் வலு எஞ்சியிருக்கவில்லை. சுவீடனின் கிளாஸ் யொஹான்சன் அவரோடு மோதாமலேயே தங்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

அதே ஒலிம்பிக்கில் 82.5 கிலோகிராம் பிரிவின் இறுதிப் போட்டி இன்னும் விசித்திரமானது. சுவீடனின் அன்டெர்ஸ் ஆல்கிரெனும் பின்லாந்தின் ஐவர் பெலிங்கும் 9 மணித்தியாலங்கள் போராடியும் எவரும் வீழவில்லை. தங்கம் பெறுபவர் எதிராளியை வென்றிருக்க வேண்டும் என்பது விதி. எனவே இருவருக்கும் வெள்ளி. தங்கம் எவருக்கும் இல்லை.

நேர வரையறை வந்ததும் உயிர்போகும் களைப்பு ஒழிந்தது. ஆனால் கேள்வி ஒழியவில்லை. நேரம் முடியும்போது இருவரும் சமமாக நின்றால் வென்றவர் யார்?

இதற்குக் காலத்துக்குக் காலம் கூறப்பட்ட விடைகளில் சில, விளையாட்டுக்கே இழுக்கைத் தேடித்தந்தன. 2000ஆம் ஆண்டு சிட்னியில் நடைமுறையிலிருந்த விதிப்படி, முதற் சுற்றில் புள்ளி எதுவும் பெறப்படாவிடின் இருவரும் மார்போடு மார்பு சேர்த்து இறுகப் பற்றிக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். பிடியை முதலில் விடுபவர் புள்ளியை இழப்பார். 13 வருடங்களாகச் சர்வதேச அரங்கில் தோல்வியறியாத ரஷ்யாவின் அலெக்சாந்தர் கரேலின், தமது கைப்பிடி ஒரு கணம் நழுவியதால் அமெரிக்காவின் ரூலன் கார்ட்னரிடம் 0-1 எனத் தோற்றார்.

அதைவிட மோசமானது பின்னர் வந்த முறை. புள்ளியின்றிச் சுற்று முடிந்தால், நடுவர் பையிலிருந்து நிறப் பந்து ஒன்றை எடுப்பார். சிவப்பா, நீலமா என்பதைப் பொறுத்து, அதிர்ஷ்டசாலி எதிராளியின் காலைப் பிடித்த நிலையிலேயே தொடங்குவார். குலுக்கலில் தோற்றவர் அந்தச் சில விநாடிகள் தற்காத்துக்கொள்ள வேண்டியதுதான்! பல வருட உழைப்பை ஒரு பந்தின் நிறத்திடம் ஒப்படைத்த அவ்விதியை நியாயப்படுத்த என்னால் இயலவில்லை.

2013 பெப்ரவரியில், ஒலிம்பிக்கின் அடிப்படை விளையாட்டுகளின் பட்டியலிலிருந்து மல்யுத்தத்தை நீக்க சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிறைவேற்றுச் சபை பரிந்துரைத்தபோதுதான் சம்மேளனம் விழித்துக்கொண்டது. தலைமை மாறியது, விதிகளும் மாறின. அந்த ஆண்டு செப்டெம்பரில் மல்யுத்தம் தன் இடத்தை மீட்டது.

இப்போது புள்ளிகள் சமமானால் பந்தும் இல்லை, மேலதிக நேரமும் இல்லை. முதலில் பெரிய பெறுமதியுள்ள பிடி யாருடையது என்று பார்க்கப்படும். அதிலும் சமமெனில் குறைந்த எச்சரிக்கை பெற்றவர் வெல்வார். அதுவும் சமமெனில் கடைசிப் புள்ளியைப் பெற்றவர்.

இவ்விதியின் இரு முகங்களையும் கண்டவர் இந்தியாவின் பஜ்ரங் புனியா. 2019 உலகப் போட்டி அரையிறுதியில் கசகஸ்தானின் தவுலெத் நியாஸ்பெகோவுடன் 9-9. எதிராளி நான்கு புள்ளி வீச்சு ஒன்றைச் செய்திருந்ததால் பஜ்ரங் தோற்றார். 2021இல் டோக்கியோவில் கிர்கிஸ்தான் வீரருடன் 3-3. இம்முறை இரண்டு புள்ளிப் பிடி பஜ்ரங்கினுடையது, வெற்றியும் அவருடையதே. '9-9, தோல்வி' என்று செய்தி வரும்போது அச்சுப்பிழையோ என்று ஐயுறாத உதவி ஆசிரியர் அபூர்வம்.

17 வயதுக்குட்பட்டோருக்கும் இதே விதிதான். இரண்டு நிமிட இரு சுற்றுகள் என்பதே வேறுபாடு. ஆனால் சிறுவர் போட்டிகளில் ஒரு பிரிவில் நாலைந்து பேர் மாத்திரமே இருந்தால் ஒவ்வொருவரும் எல்லோருடனும் மோதுவர். அப்போது வேறொரு சிக்கல் எழும். முதலாமவன் இரண்டாமவனை வெல்ல, இரண்டாமவன் மூன்றாமவனை வெல்ல, மூன்றாமவன் முதலாமவனை வென்றுவிடுவான். இருவர் மட்டும் சமமெனில் அவர்களுக்கிடையிலான போட்டியின் முடிவே போதும். மூவரெனில் வெற்றி எவ்வாறு கிடைத்தது என்பதே முக்கியம். இரு தோள்களையும் விரிப்பில் அழுத்தி வென்றால் தரவரிசைப் புள்ளி 5. வெறும் புள்ளிக் கணக்கில் வென்றால் 3 மட்டுமே. காலையில் முன்னணியில் இருக்கிறோமென்று பிடியைத் தளர்த்தி நேரத்தைப் போக்கிய பையன், மாலையில் பெயர் வாசிக்கப்படும்போதுதான் அந்த இரண்டு புள்ளிகளைத் தேடுவான்.